அடுப்படியிலிருந்து ஒரு பொய்

வாங்கிக்கொள்ளுங்கள் தம்பி. வாங்காவிட்டால் என் வீட்டுக்காரி விடமாட்டாள். மதுரை வருகிறவரைக்கும் கையை நீட்டிக்கொண்டே இருப்பாள். வாயில் போட வேண்டும் என்றுகூட இல்லை, சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவளுக்கு அது போதும்.

வால்நட். மூளை மாதிரியே இருக்கிறது பாருங்கள், மடிப்பு மடிப்பாக. அதனால் மூளைக்கு நல்லதாம். என் மகள் செண்பகவல்லி சொல்கிறாள். அப்படிப் பார்த்தால் முருங்கைக்காய் எதுக்குட்டி நல்லது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

என் வீட்டுக்காரி சாப்பிடத்தான் மகள் டப்பா டப்பாவாக அனுப்புகிறாள். இவள் ஒன்றுகூட வாயில் வைப்பதில்லை. சங்கரன்கோவிலில் ஏறினதிலிருந்து இந்தப் பெட்டியில் இருக்கிற எல்லோர் மூளையையும் வளர்த்துக்கொண்டு வருகிறாள். ராஜபாளையத்தில் ஒருவர் இறங்கினாரே, துண்டு கட்டினவர், இரண்டு கை நிறைய வாங்கிக்கொண்டு போனார். இன்று சாயங்காலம் அவருக்கு மறந்துபோன சண்டையெல்லாம் ஞாபகம் வரப்போகிறது. அவர் வீட்டில் என்ன ஆகுமோ.

என் பெயர் குத்தாலிங்கம். இவள் உலகம்மாள். மதுரையில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறோம். ஸ்டேஷனில் மகள் வந்து நிற்பாள். நிற்பாள் என்ன, முந்தின ரயிலுக்கே வந்து நின்றிருப்பாள். கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். எதற்கு வருகிறாள் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதை முதலிலேயே சொன்னால் நீங்கள் என் மேல் பரிதாபப்பட்டுவிடுவீர்கள். பரிதாபப்பட்டுக்கொண்டு ஒரு மனுஷனால் கதை கேட்க முடியாது.

நான் மருந்தடிக்கிற பம்பு விற்றவன். முதுகில் மாட்டிக்கொள்கிற கைப்பம்பு. ஊர் ஊராகப் போய், வயலில் இறங்கி அடித்துக் காட்டி விற்க வேண்டும். பம்பை யாரும் பம்புக்காக வாங்குவதில்லை தம்பி. கதைக்காகத்தான் வாங்குகிறார்கள். என்னிடம் ஒரு கதை இருந்தது. புளியரை மலைப்பாதையில் பஸ்ஸில் வருகிறேன். ஒரு வளைவில் பஸ் நின்றது. சிறுத்தை ஒன்று ஏறியது. முன்வாசல் வழியாக, முறையாக. எல்லோரும் எழுந்து பின்பக்கம் ஓடிவிட்டார்கள். நான் எப்படி ஓடுவேன், மடியில் பம்பு. அது வந்து என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தது. கண்டக்டர் வந்தார், எனக்கு டிக்கெட் கிழித்தார், அதனிடம் கேட்கவில்லை. "என்னய்யா, இதுக்கு டிக்கெட் கிடையாதா?" என்றேன். "அது தினம் போற ஆளு அண்ணாச்சி, பாஸ் வச்சிருக்கு" என்றார். செங்கோட்டை வந்ததும் எழுந்தது. இறங்கும்போது என் பம்பை ஒருமுறை மோந்து பார்த்தது. அவ்வளவுதான், வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரே ஓட்டம். சிறுத்தையே ஓடுகிறது, நெல்லில் விழுகிற கதிர் நாவாய்ப்பூச்சி நிற்குமா?

சிரிக்கிறீர்கள். கதிர்வேலு நாயக்கர் வயலில் இதைச் சொல்லி முடித்தபோது அவர் சிரிக்கவில்லை. பம்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வெளியூரில் சொல்லும்போது கதை அதன்பாட்டுக்குப் போகும். வீட்டில் சொன்னால் அப்படி முடியாது. முன்னறையில் நாலு பேரை வைத்துக்கொண்டு நான் சொல்லிக்கொண்டிருப்பேன். அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும்.

"பொய்."

அவ்வளவுதான். சத்தம் போட்டுச் சொல்ல மாட்டாள். தலையைத் திருப்ப மாட்டாள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தால் அரிகிற கை நிற்காது. புளி கரைத்துக்கொண்டிருந்தால் அந்தக் கை நிற்காது. பொய் என்பாள், கொஞ்சம் இடைவெளி விடுவாள், அப்புறம் நிஜத்தைச் சொல்வாள். "செங்கோட்டைச் சந்தையில வாங்குன ஆட்டுக்குட்டி. இவுக மடியிலயே ஒண்ணுக்குப் போயிருச்சு. வேட்டியத் தொவைச்சவ நான்."

வந்தவர்கள் அதற்குத்தான் சிரிப்பார்கள். என் கதைக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்காதீர்கள். முதலில் வந்தது. அப்புறம் அதற்காகவே கதையை நீட்ட ஆரம்பித்தேன். எங்கே 'பொய்' விழும் என்று பார்த்து, அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன். துஷ்டி வீட்டில் சொன்னாலும் பொம்பளைகள் நடுவிலிருந்து இவள் குரல் வந்துவிடும். செத்தவருடைய தம்பியே ஒருமுறை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே எழுந்து போனார். இவள் பொய் என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் என் கதை முடிந்ததாக அர்த்தம். அதற்கு முன்னால் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

வேண்டாம்ப்பா, பால்கோவா வேண்டாம். போ, போ. ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டாலே இவன்கள் தொல்லை. உலகு, அங்க பாக்காத. இனிப்புக் குறைக்கணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காக. பாருங்கள், முகத்தைத் தூக்கிக்கொண்டாள். இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. பால்கோவா ருசி மறக்கவில்லை.

எங்கே விட்டேன்? அடுப்படியில். ஆமாம்.

ஒரு நாள் சம்பந்தி வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். சிறுத்தைக் கதையைச் சொன்னேன். சிறுத்தை ஏறியாயிற்று, உட்கார்ந்தாயிற்று, கண்டக்டர் பாஸ் என்றும் சொல்லியாயிற்று. நிறுத்தினேன். அடுப்படியில் தாளிக்கிற சத்தம் கேட்கிறது. வேறொன்றும் வரவில்லை. சரி, எண்ணெய் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று சிறுத்தையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். அதற்கு ஒரு குட்டியும் கொடுத்தேன். அப்போது இவள் கரண்டியோடு வெளியே வந்தாள். எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

"ஆமா. பாவம், அதுக்கு நான்தான் செம்புல தண்ணி வச்சேன்" என்றாள்.

வீடே அதிர்ந்தது தம்பி. சம்பந்தியம்மா புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் சிரித்தேன். இத்தனை வருஷம் என்னோடு இருந்ததில் கடைசியில் இவளும் தொழிலைக் கற்றுக்கொண்டாளே என்று எனக்குப் பெருமை. அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். இவளும் சிரித்தாள்.

பிறகு எதற்கும் 'பொய்' வரவில்லை. ஆற்று வெள்ளத்தில் பம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ஆலங்குளம்வரை மிதந்துபோனேன் என்று எதிர்வீட்டு வாத்தியாரிடம் சொன்னேன். ஆறு ஆலங்குளம் பக்கமே போகாது. வாத்தியார் அடுப்படியைப் பார்க்கிறார், நான் அடுப்படியைப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை. வாத்தியார் எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மந்தம் என்று நினைத்துக் காதுக்காரரிடம் கூட்டிப் போனேன். காது பாம்புக் காது என்றார்.

அப்புறம் உள்ளூர் டாக்டரிடம் போனோம். அவர் பெரிய பரீட்சை வைத்தார். இன்று என்ன கிழமை, என்ன மாதம், மூன்று பொருள் சொல்கிறேன் திருப்பிச் சொல்லுங்கள். சாவி, வாழைப்பழம், குடை. கடிகாரம் வரையச் சொன்னார். இவள் மாதம் என்ன என்று என்னைத் திரும்பிப் பார்க்கிறாள் தம்பி. அந்தப் பார்வையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? டாக்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். குனிந்து கோலம் போடுகிற மாதிரி காட்டினேன், மார்கழி என்று புரிந்துகொண்டாள். குடைக்குக் கையைத் தலைக்கு மேல் விரித்தேன். வாழைப்பழத்தை உரித்தே காட்டினேன். சாவி மட்டும் கொஞ்சம் கஷ்டப்பட்டது. டாக்டர் சந்தோஷமாக, "ஒண்ணும் இல்ல, வயசுக்கு உள்ள மறதிதான், நல்லா சாப்பிட்டு நடங்க" என்று அனுப்பிவிட்டார். முதல் மார்க்கு. வீடு வரும் வழியெல்லாம் இவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரோட்டில் அப்படி வருகிறவளே இல்லை. கட்டின மனைவி ஒரு அந்நிய ஆள் முன்னால் தோற்றுப்போகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பானா ஒருத்தன்? நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த ஆடித் தபசுக்குத்தான் மாட்டினோம். சங்கரன்கோவில் தபசுக் கூட்டம் உங்களுக்குத் தெரியாதா? கோயிலைச் சுற்றித் தலைதான் தெரியும், தரை தெரியாது. கூட்டத்தில் கையை விட்டுவிட்டாள். நான் நாலு ரதவீதியும் தேடிவிட்டு வீட்டுக்கு ஓடிவருகிறேன். எங்கள் தெரு முக்கில், எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே நின்றுகொண்டு, பூ விற்கிற பொம்பளையிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்: "பம்பு விக்கிற அண்ணாச்சி வீடு எங்கனக்குள்ள?"

பூக்காரி சிரிக்கவில்லை. கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து விட்டாள்.

அப்புறம் மதுரை. இந்த டாக்டரம்மா கெட்டிக்காரி. நான் பின்னால் போய் நிற்கப் போனதுமே, "ஐயா, நீங்க வெளியே உக்காருங்க" என்றார். கதவையும் சாத்திவிட்டார். சாத்தின கதவுக்கு வெளியே நின்று எவ்வளவுதான் குடை விரிக்க முடியும்?

முன்னாலேயே வந்திருந்தால் நல்லது என்று டாக்டரம்மா என் மகளிடம் சொன்னாராம். உள்ளூர்க்காரர் கவனிக்கவில்லை என்று மகளுக்குக் கோபம். நானும் அவரைத் திட்டினேன். என்ன டாக்டர் அவர்?

அதற்குப் பிறகு வீடு பள்ளிக்கூடம் ஆகிவிட்டது தம்பி. மருந்து கொஞ்சம், பழக்கவழக்கம் நிறைய. இருப்பதை இருக்கிறபடி காப்பாற்றத்தான் இதெல்லாம் என்று டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார். விடிந்ததும் நடக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும், பிரஷரை அடிக்கடி பார்க்க வேண்டும். கீரை, மீன். பகலில் தூங்கக் கூடாது, ராத்திரி தூங்காமல் இருக்கக் கூடாது. டிவி முன்னால் மணிக்கணக்காக உட்காரக் கூடாது. நாலு பேரோடு பேச வேண்டும். புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும். மகள் இதற்கு மேலும் போனாள். இடதுகையால் பல் தேய்க்கச் சொன்னாள். இந்தி கற்றுக்கொடுக்கிற ஏதோ ஒன்றைப் போனில் ஏற்றி அனுப்பினாள். போன் தண்ணீருக்கு 'பானீ' என்னும், திருப்பிச் சொல்லு என்னும். இவள் போனைப் பார்த்து, "தண்ணி வேணும்னா வாயத் தொறந்து கேளேன், எதுக்கு இந்தப் பாடு?" என்பாள். அது மறுபடியும் பானீ என்னும். இவள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

எல்லாவற்றையும் நானும் கூடச் செய்ய வேண்டும், அப்போதுதான் அம்மா செய்வாள் என்று மகள் உத்தரவு. செய்தேன். அதில் ஒரு அநியாயம் கேளுங்கள். எனக்குச் சர்க்கரை இறங்கியது. தூக்கம் நன்றாக வந்தது. மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனின் இனிஷியல் ஞாபகம் வந்தது. டாக்டரம்மா எனக்கும் பரீட்சை வைத்துவிட்டு, உங்கள் வயசுக்கு அபாரம் என்றார். இவளும் உடம்பில் தேறிவிட்டாள். நடையில் என்னை முந்திவிடுவாள். எங்கே போகிறோம் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. நான் பின்னாலேயே ஓடி, ஏட்டி, இடதுபக்கம், இடதுபக்கம் என்பேன். நின்று திரும்பி, "சரி அண்ணாச்சி" என்பாள். இப்போதெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறாள். மரியாதை கூடியிருக்கிறது.

பழைய விஷயங்களைப் பேசுங்கள், படம் காட்டுங்கள், பாட்டுப் போடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார் அல்லவா? அதில்தான் எனக்கு ஒரு யோசனை வந்தது. இவள் நிஜத்தைத் தானாக எப்போது சொல்லியிருக்கிறாள்? நான் பொய் சொன்னால்தானே சொல்வாள். கை கால் வீசி நடக்கிறது உடம்புக்கு. என் பொய்யைப் பிடிக்கிறது இவள் மூளைக்கு. காலமெல்லாம் அந்த உடற்பயிற்சியைத்தானே செய்துகொண்டிருந்தாள்? அதை மறுபடி ஆரம்பிப்போம் என்று நினைத்தேன். ஊருணிக்கரையைச் சுற்றி நடக்கும்போது எடுத்துவிடுவேன். "உலகு, நம்ம கல்யாணத்துக்கு நீ யானை மேல வந்தே பாரு..." என்று ஆரம்பிப்பேன்.

முதல் நாளே பிடித்தாள் தம்பி! நின்றாள். யோசித்தாள். பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "பொய்" என்றாள். "கார்ல வந்தோம். வழியில பஞ்சர். மாப்பிள்ளைதான் டயர உருட்டிட்டு வந்தாக. பட்டு வேட்டியெல்லாம் கிரீசு. எங்க அய்யா தலையில அடிச்சுக்கிட்டாக."

ஊருணிக்கரை என்றும் பார்க்காமல் நான் குதித்தேன். ஒரு காய்கறிக்காரி, அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு என்று நின்று பார்த்தாள். அன்று மகளுக்குப் போன் போட்டு, உன் வால்நட்டைத் தூக்கிக் குப்பையில் போடு, மருந்து என்கிட்ட இருக்கு என்றேன்.

கொஞ்ச காலம் நன்றாகப் போயிற்று. சில நாள் பிடிப்பாள். சில நாள் பிடிக்க மாட்டாள். பிடிக்காத நாளில் நான் மறுநாள் பொய்யை இன்னும் பெரிதாக்குவேன். அப்போதுதானே கண்ணில் படும்? யானைக்கு நெற்றியில் பொன் முகபடாம் போட்டேன். கடையநல்லூரிலிருந்து தென்காசிவரை அது எங்கேயும் நிற்கவில்லை என்றேன். மண்டப வாசலில் வந்ததும் மாலையை எடுத்து என் கழுத்தில் போடாமல் சமையல்காரர் கழுத்தில் போட்டுவிட்டது என்றேன். தினமும் சொன்னேன். ஒரு நாள் விடாமல் சொன்னேன். தவறாமல் செய்தால்தானே பழக்கம்?

பொங்கலுக்கு மகள் வந்தாள். அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டே, "உன் கல்யாணத்தைப் பத்திச் சொல்லும்மா" என்று கேட்டாள். இவள் சொன்னாள். யானை. பொன் முகபடாம். கடையநல்லூர். சமையல்காரர் கழுத்தில் மாலை. ஒன்றுவிடாமல், நான் சொன்ன வரிசையில்.

மகள் சீப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"கார்தானேம்மா? பஞ்சர் ஆச்சேம்மா? அப்பா வேட்டியில கிரீஸ் பட்டுச்சேம்மா? நீதானே எனக்குச் சொல்லுவே?"

"காரா?" என்றாள் இவள். "ஏது நமக்குக் கார்?"

மகள் என்னை மாடிக்குக் கூட்டிப் போனாள். மாடி என்றால் மொட்டை மாடி, துணி காயப்போடுகிற இடம். அங்கே வைத்து அழுதாள். "அப்பா, அம்மாகிட்ட கொஞ்சம்தான் மிச்சம் இருந்துச்சு. அதையும் தொடச்சுட்டு உங்க பொய்யை எழுதி வச்சுட்டீங்களேப்பா" என்றாள். நான் கொடியில் கிடந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். அடுத்த தடவை டாக்டரம்மாவைப் பார்க்கிறவரை பொறுப்பாளாம். அதுவரை நான் இவளிடம் நிஜத்தை மட்டும்தான் பேச வேண்டும். அன்றைக்கும் அம்மா இப்படியே இருந்தால், அங்கிருந்தே கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விடுவாள். அங்கே பகலெல்லாம் பார்த்துக்கொள்கிற இடம் இருக்கிறதாம்.

"நானும் வாரேன்" என்றேன்.

"நீங்க கொஞ்ச நாள் கழிச்சு வாங்கப்பா" என்றாள்.

அந்த அடுத்த தடவைதான் இன்றைக்கு.

இப்போது பரிதாபப்படலாம், ஆட்சேபணை இல்லை. வண்டி ஏன் நிற்கிறது? கிராசிங்கா? நிற்கட்டும். நன்றாக நிற்கட்டும். எனக்கு என்ன அவசரம்?

நிஜத்தை மட்டும் பேச வேண்டும் என்றாளே, பேசினேன் தம்பி. சத்தியமாகப் பேசினேன். மறுநாள் ஊருணிக்கரையில், "உலகு, நம்ம கல்யாணத்துக்குக் கார்ல வந்தே. வழியில பஞ்சர்" என்றேன். உம் என்றாள். அடுத்து என்ன சொல்வது? எந்த ஊர்ப் பக்கம் பஞ்சர்? சொக்கம்பட்டியா, இடைகாலா? முன் டயரா, பின் டயரா? கார் யாருடையது? எனக்குத் தெரியவில்லை. அவளுடைய அய்யா தலையில் அடித்துக்கொண்டபோது என்ன சொல்லித் திட்டினார்? தெரியவில்லை. மூன்றாம் வகுப்புக்காரன் இனிஷியல் வருகிறது, இது வரவில்லை. யானை வருகிறது. யானையின் நகம்கூடத் தெரிகிறது. கார் என்ன நிறம் என்று கேளுங்கள், தெரியாது.

நான் எதற்கு அதையெல்லாம் வைத்திருக்கப் போகிறேன்? அதற்கு இவள் இருந்தாள். பொய்யை நான் பார்த்துக்கொண்டேன், நிஜத்தை இவள் பார்த்துக்கொண்டாள். வீட்டில் அரிசி எங்கே, பருப்பு எங்கே என்று எனக்குத் தெரியுமா? அதே மாதிரிதான். வேண்டும்போது ஒரு பொய்யைச் சொன்னால் நிஜம் அடுப்படியிலிருந்து சுடச்சுட வந்துவிடும். இப்போது போய்ப் பார்த்தால் டப்பா காலி. ஊரில் யாரிடம் கேட்பது? நான் கேட்டால் யார் நம்புவார்கள்? எதிர்வீட்டு வாத்தியாரிடம், "வாத்தியாரே, நான் கல்யாணம் பண்ணினது கார்லயா யானையிலயா?" என்றேன். அவர், "இன்னைக்கு நல்லா ஆரம்பிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அதோ, எதிர் வண்டி போய்விட்டது. நாமும் நகர்ந்தாயிற்று.

தம்பி, ஒரு உதவி. நீங்கள் வெளி ஆள். நாலு பேரோடு பேசுவது நல்லது என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். இவளிடம் நீங்கள் கேளுங்கள். நான் கேட்டால் ஒருவேளை பழகிப்போய்ச் சொல்லாமல் இருக்கலாம். கல்யாணத்துக்கு எதில் வந்தீர்கள் ஆச்சி என்று கேளுங்கள். ஒரு தடவை, ஒரே தடவை கார் என்று வந்துவிட்டால் போதும். அந்தச் சூட்டோடு டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவேன். கேளுங்கள், இந்தப் பக்கம்தான் பார்க்கிறாள்.

...

கேட்டீர்களா தம்பி? யானை. முகபடாம்.

இருங்கள், இருங்கள். இன்னும் ஏதோ சொல்கிறாளே? "அது கண்ணோரம் ஈரமா இருந்துச்சு. நான் முந்தானையால தொடச்சுவிட்டேன்."

இது நான் சொன்னது இல்லை. சத்தியமாக நான் சொல்லவில்லை. கண்ணோரம் ஈரம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் விடுவேனா? உலகு, யானை அழுதுச்சா? எதுக்கு அழுதுச்சு? பாருங்கள், சிரிக்கிறாள். தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? நிஜமாகவே யானை வந்திருக்குமோ? வராத யானையின் கண்ணை ஒருத்தி துடைப்பாளா?

விருதுநகரில் காபி வாங்கித் தருகிறேன், இருங்கள். சர்க்கரை இல்லாமல்.

குடியுங்கள். வேறு என்ன இருக்கிறது சொல்வதற்கு? திருமங்கலம் தாண்டினால் திருப்பரங்குன்றம் மலை தெரிந்துவிடும். மலை தெரிந்தால் மதுரைதான். டாக்டரம்மா போன தடவை கதவைச் சாத்துவதற்கு முன்னால் என்னைக் காட்டி இவளிடம் ஒரு கேள்வி கேட்டார், கதவு சாத்திவிட்டதால் பதில் எனக்குக் கேட்கவில்லை. மகளும் சொல்லவில்லை. இவர் யார் என்பதுதான் டாக்டரம்மா கேட்ட கேள்வி. அது எளிதான கேள்வி. சாவி, வாழைப்பழம் மாதிரி இல்லை. அதற்கு ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம். மகள் சொன்னபடியே, நிஜத்தை வைத்து. கலப்படம் இல்லாத நிஜம். என் வாழ்க்கையில் இதைவிடச் சுத்தமாக ஒன்று என்னிடம் கிடையாது.

உலகு, இங்க பாரு. இந்தத் தம்பிகிட்ட ஒண்ணு சொல்லுதேன், நீயும் கேளு.

தம்பி, இந்த உலகம்மா என் பொண்டாட்டி. நான் இவ புருசன்.

...

கேட்டீர்களா?

கேட்டீர்களா தம்பி! 'பொய்' என்றாள்! அதே குரல். தலையைத் திருப்பவில்லை பார்த்தீர்களா, டப்பா மூடியைத் திருகுகிற கை நிற்கவில்லை பார்த்தீர்களா? அப்படியேதான் சொல்வாள். இத்தனை மாதமாகக் காத்துக்கொண்டிருந்தேனே. வந்துவிட்டது. அடுப்படியிலிருந்து வருகிற மாதிரியே வந்துவிட்டது.

கொஞ்சம் இடைவெளி விடுவாள். அப்புறம் நிஜத்தைச் சொல்வாள். பேசாமல் கேளுங்கள்.

"எங்க வீட்டுக்காரக பம்பு விக்கப் போயிருக்காக. பொழுதடைய வந்துருவாக. இந்த அண்ணாச்சி பாவம், நல்ல மனுசன்தான். என்னமோ சொல்லுதாரு."

ம்.

எனக்கும் ஒரு வால்நட் தருகிறாள் பாருங்கள். கொண்டா உலகு. தின்னுதேன். இப்பவே தின்னுதேன்.

மலை தெரிகிறது. இறங்குகிறவர்கள் பையை எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீங்களும் மதுரைதானே? அவசரமாகப் போக வேண்டியிருந்தாலும் ஒரு நிமிஷம் எனக்காக நில்லுங்கள். பிளாட்பாரத்தில் நீலச் சுடிதார் போட்டுக்கொண்டு, கழுத்தை நீட்டி ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள், அவள்தான் என் மகள். நான் சொன்னால் நம்ப மாட்டாள். என்னை யார் நம்புகிறார்கள்? நீங்கள் படித்த முகம். நீங்கள் சொல்லுங்கள். உங்க அம்மா ரயிலில் என் கண் முன்னால் 'பொய்' என்று சொன்னார்கள், பழையபடி சொன்னார்கள், நானே காதால் கேட்டேன் என்று சொல்லுங்கள். அது நிஜம்தானே? அதில் ஒன்றும் கலப்படம் இல்லையே?

எந்தப் பேச்சுக்குச் சொன்னார்கள் என்று அவள் கேட்பாள். கேட்காமல் விடமாட்டாள், அம்மா மாதிரி.

யானைக் கதைக்கு என்று சொல்லுங்கள் தம்பி.